ரகம் பிரிக்க எந்தக் கேமரா? செயற்கைக்கோள், ட்ரோன், குடில்

புது ரகம் உருவாக்குகிறவர்களுக்கு இன்று பெரிய தலைவலி மரபணுவைப் படிப்பதில் இல்லை. அது மலிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பாத்திகளில் எது வறட்சியைத் தாங்குகிறது என்று அளப்பதில்தான் காலம் போகிறது. நடந்து, குனிந்து, குறித்துவைக்கும் அந்த வேலையைக் கேமராவிடம் ஒப்படைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலில் செயற்கைக்கோள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தைப் படம்பிடிக்கும். ஆனால் அதன் மிகக் கூர்மையான படத்திலும் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 10 மீட்டர் அகலம். சோதனைப் பாத்தியோ ஒன்றிரண்டு மீட்டர் அகலம். ஒரு புள்ளிக்குள் பல ரகங்கள் கலந்துவிடும். மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. ஒரு வட்டாரத்தின் பயிர் நிலையைப் பார்க்க அருமை, ரகம் பிரிக்க உதவாது.

ட்ரோன் மேகத்துக்குக் கீழே பறப்பது. புள்ளி சில சென்டிமீட்டர்தான். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும். இந்த வித்தியாசத்தை ஒரு குறியீடாக்கித் தழையின் அளவைக் கணிக்கலாம். தழை அடர்ந்துவிட்டால் அந்தக் குறியீடு மேலே ஏறாமல் நின்றுவிடும் என்பது வேறு விஷயம். எனக்குப் பிடித்தது வெப்பக் கேமரா. தண்ணீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடும், இலை சூடாகும். கண்ணுக்கு வாட்டம் தெரியும் முன்பே படத்தில் தெரிந்துவிடும். இங்கேதான் ஏமாறவும் வாய்ப்பு. தழை மெலிந்த ரகத்தில் இடையே தெரியும் மண்ணின் சூடும் புள்ளியில் கலந்து, செடியே தவிப்பதுபோலக் காட்டும். முதல் பாத்திக்கும் கடைசிப் பாத்திக்கும் இடையே ஒரு காற்று வீசினாலே கணக்கு மாறும். வெயில் மாறுவதைச் சரிக்கட்ட, ஒளி திருப்பும் அளவு தெரிந்த பலகையைத் தரையில் வைத்துப் படமெடுக்காமல் பறக்கவே கூடாது.

அப்புறம் குடில், அதாவது செடிகளைத் தொட்டியில் வளர்க்கும் பசுமைக்குடில். தொட்டிகள் பட்டையில் நகர்ந்து கேமரா முன் வரும். எடை பார்த்து அளவாகத் தண்ணீர் ஊற்றலாம், எக்ஸ்ரே ஸ்கேனில் வேரையும் பார்க்கலாம். ஒழுங்கில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வறட்சியைத் தாங்கும் பல செடிகள் அதை ஆழமாக இறங்கும் வேரால்தான் சாதிக்கின்றன. தொட்டி அந்த வேரை இறங்க விடாது. தேடுகிற குணமே மறைந்துபோகும்.

ஆகவே என் ஓட்டு ட்ரோனுக்கு. அதில் தேறிய ரகங்கள் ஏன் தேறின என்று துருவும்போது குடிலுக்குப் போகலாம். முதல் பருவத்தில் சில பாத்திகளையாவது கையால் அளந்து படத்தோடு ஒப்பிட வேண்டும். குனிகிற வேலை அடியோடு போய்விடாது.