புதிய விமானத்துக்குப் பணம் கட்டியவர்கள் கவனத்துக்கு

லண்டனிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் புதிதாக நேரடிச் சேவை தொடங்கிய ஒரு விமான நிறுவனம், ஏர்பஸ் ஏ350 விமானத்தைக் காட்டி எங்களிடம் பணம் வாங்கியது. பிறகு, வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்த பழைய ஏ330 விமானத்தில் ஏற்றி அனுப்பியது. பிரீமியம் எகானமி வகுப்புக்குப் பணம் கட்டிய என் பெற்றோரையும் என்னையும் சாதாரண எகானமியில் உட்காரவைத்தது. அதற்கு ஈடாக ஆளுக்கு 62 பவுண்ட் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தது. சட்டப்படி அவர்கள் தர வேண்டியிருந்தது ஆளுக்கு 510 பவுண்ட். இதேபோன்ற புதிய வழித்தடங்களில் நம்மவர்கள் பலர் முன்பதிவு செய்வதைப் பார்க்கிறேன். வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. ஒரு முழங்காலில் மாற்று மூட்டு வைத்திருக்கிறார்கள். வளைகுடாவில் இறங்கி நடுராத்திரியில் விமானம் மாறுவது அவருக்கு ஆகாத காரியம். அதனால் நேரடி விமானம் என்றதும் மகிழ்ந்தோம். விளம்பரமும் எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியதைப் போலிருந்தது. முன்னிருக்கைக்கும் நம் இருக்கைக்கும் 38 அங்குல இடைவெளி, குறைந்த இரைச்சல், சற்றே ஈரப்பதமுள்ள காற்று என்று போட்டிருந்தார்கள். பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகக்கூட இருக்கலாம். ஏ350 விமானத்தில் 6,000 அடி அளவிலேயே வைக்கிறார்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஏ350 அப்படிப்பட்ட விமானம்தான். அந்த விமானம் இன்னும் அவர்கள் கைக்கு வந்துசேரவில்லை என்பதை மட்டும் எங்கும் சொல்லவில்லை.

இது ஒரு நிறுவனத்தோடு முடிகிற கதையும் இல்லை. போயிங் 777எக்ஸ் விமானத்தை 2013-இல் அறிவித்தார்கள். 2020-இல் பயணிகள் சேவைக்கு வந்திருக்க வேண்டியது, இப்போது 2027 என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் 2023-இல் வர வேண்டியது. 2024 நவம்பரில்தான் ஐபீரியா நிறுவனம் அதை மாட்ரிட்–பாஸ்டன் தடத்தில் முதன்முதலாக இயக்கியது. தரக்குறைபாடுகள் காரணமாக 2021-க்கும் 2022-க்கும் இடையே போயிங் 787 விமானங்களின் விநியோகம் ஓராண்டுக்கு மேல் நின்றுபோயிருந்தது. இருக்கைகள் தயாராகவில்லை, என்ஜின் கிடைக்கவில்லை என்றும் தாமதமாகிறது. தாமதம் உற்பத்தியாளருடையதாக இருக்கலாம். ஆனால் வராத விமானத்தின் பெயரில் டிக்கெட் விற்றுப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது விமான நிறுவனத்தின் முடிவு. அதை நான் ஏமாற்று வேலை என்றே சொல்வேன்.

மாற்றம் நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். ஏ350-இன் எகானமியில் பெரும்பாலும் ஒரு வரிசைக்கு 3-3-3 என்று ஒன்பது இருக்கைகள். ஏ330-இல் 2-4-2 என்று எட்டு. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒருநாள் எங்கள் முன்பதிவைத் திறந்தபோது, பின்பகுதி முழுவதும் 2-4-2 ஆகியிருந்தது. விமான வகையைக் குறிக்கும் இடத்தில் 359 என்றிருந்த எண் 332 ஆகியிருந்தது. நாங்கள் தனியாகப் பணம் கட்டித் தேர்ந்தெடுத்த மூன்று இருக்கைகளைக் காணவில்லை. மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ எதுவும் வரவில்லை. உடனே அழைத்தேன். "உங்கள் வகுப்பு அப்படியேதான் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்றார் வாடிக்கையாளர் சேவைப் பெண்மணி. அந்த விமானத்தில் பிரீமியம் எகானமி என்ற பகுதியே கிடையாது என்று செக்-இன் கவுன்டரில்தான் சொன்னார்கள்.

கவுன்டரில் நடந்ததைக் கவனியுங்கள். போர்டிங் பாஸ் தருவதற்கு முன்பு ஒரு தாளை நீட்டினார்கள். மேலே எங்கள் பெயர்கள், நடுவே "கட்டண வித்தியாசம் திருப்பித் தரப்படும்" என்ற வரி. கீழே, கையெழுத்திடும் கோட்டுக்கு மேல் பொடி எழுத்தில், வகுப்பு மாற்றத்தைப் பயணி தன் விருப்பத்தின் பேரில் ஏற்றுக்கொள்கிறார் என்று இருந்தது. பின்னால் நீண்ட வரிசை. அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, "கையெழுத்துப் போட்டுவிட்டு வாப்பா, போகலாம்" என்றார். நான் அந்த வரியை அடித்துவிட்டு, "விருப்பமில்லை, வேறு வழியின்றிப் பயணம் செய்கிறோம்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். ஆனால் போர்டிங் பாஸ் வந்தது.

பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்பா காலை நீட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார். நடைபாதை ஓரத்து இருக்கைகூட இல்லை. வேறொரு பயணி இரக்கப்பட்டுத் தன் இடத்தை மாற்றிக்கொடுத்தார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இனி அந்த 62 பவுண்ட் கணக்கு. நாங்கள் மாதங்களுக்கு முன்பு பிரீமியம் எகானமிக்குக் கொடுத்த விலையிலிருந்து, புறப்பட்ட அன்று எகானமி என்ன விலைக்கு விற்றதோ அதைக் கழித்திருக்கிறார்கள். கடைசி நேர விலை எப்போதும் ஏறித்தான் இருக்கும். இந்தக் கணக்கில் வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்றுகூடக் காட்டிவிட முடியும்.

சட்டத்தில் "வித்தியாசம்" என்ற பேச்சே இல்லை. விமானப் பயணிகளின் உரிமை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியை, பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் தன் சட்டமாக வைத்திருக்கிறது. அதன் 10-ஆம் பிரிவின்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் கீழ் வகுப்புக்கு மாற்றினால் கட்டணத்தில் 75 சதவீதத்தை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ரத்துக்கும் தாமதத்துக்கும் சொல்கிற "அசாதாரணச் சூழல்" என்ற சாக்கு இந்தப் பிரிவில் இடம்பெறவில்லை. 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது: வகுப்பு தாழ்த்தப்பட்ட அந்த ஒரு பயணத்தின் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், வகுப்பைப் பொறுத்து மாறாத வரிகள் சேராது. போகும் பயணத்துக்கு எங்கள் கட்டணம் வரி நீங்கலாக ஆளுக்கு 680 பவுண்ட். அதில் முக்கால் பங்கு 510.

முதல் கடிதத்துக்கு, விமான வகைக்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருப்பதாகப் பதில் எழுதினார்கள். அது உண்மைதான். எந்த விமானத்தில் ஏற்றினாலும் சரி என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. எந்த வகுப்பில் உட்காரவைத்தாலும் சரி என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டையும் குழப்பியே பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். 10-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்று இரண்டாவது கடிதம் எழுதினேன். மூவருக்கும் முழுப் பணமும் வந்தது. இருக்கைத் தேர்வுக் கட்டணத்தை மட்டும் இன்னும் தரவில்லை. அதை கிரெடிட் கார்டு வங்கி வழியாகக் கேட்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போதும் அதே பழைய விமானம், அதே எகானமி. அதற்குச் சல்லிக்காசு வரவில்லை. பிரிட்டனிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வெளியிலிருந்து பிரிட்டனுக்கு வரும்போதோ, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். எங்களுடையது அப்படிப்பட்டதில்லை. இரு வழியும் ஒரே டிக்கெட்டாக எடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் 2023 பிப்ரவரியிலிருந்து இத்தகைய விதி இருக்கிறது: 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணத்துக்கு, வரி உட்படக் கட்டணத்தில் 75 சதவீதம்.

முன்பதிவு செய்த அன்றே இருக்கை வரைபடத்தையும் விமான வகையைக் குறிக்கும் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். பழைய போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டுகள் வரை வழக்குத் தொடர முடியும். முன்பு எப்போதாவது "வித்தியாசம்" என்று கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தவர்கள், மீதியை இப்போதும் கேட்கலாம்.