கேஸ் கீசர் பற்றவில்லையா? பார்த்த உடனே "போர்டு போச்சு" என்றால் உஷார்

காலையில் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தேன். கீசரிலிருந்து வழக்கமாக வரும் டிக் டிக் சத்தம் வரவில்லை, பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அதுவும் கொஞ்சம் ஒல்லியாக வந்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பேட்டரியாக இருக்குமோ என்று உள்ளே இருந்த இரண்டு பெரிய செல்களையும் மாற்றினேன். அப்போதும் சத்தம் இல்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கம்பெனி சர்வீஸ் என்றுதான் சொன்னார். கம்பெனியின் உண்மையான எண் கீசரின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலேயே இருந்ததை நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

வந்தவர் குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முன்பக்கக் குமிழ்களைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை அடித்தார். "போர்டு போச்சு சார்." கீசரைப் பற்றவைக்கும் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியைப் படம் எடுத்து, "பாருங்க, எரிஞ்சிருக்கு" என்று வாட்ஸாப்பிலும் அனுப்பிவைத்தார். எரிந்த அடையாளம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். புது போர்டு வண்டியில் இருப்பதாகச் சொல்லிக் கீழே போனார். திரும்பி வந்து வேலையைத் தொடங்கும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் கீசர் எரிந்துகொண்டிருந்தது. பழைய போர்டைக் கேட்டேன். "அது கம்பெனிக்குத் திரும்பப் போகணும் சார்" என்றார். காசைக் கொடுத்தேன். கையால் எழுதிய ஒரு பில் வந்தது. அதில் போர்டின் நம்பரும் இல்லை, கம்பெனி முத்திரையும் இல்லை.

கொஞ்ச நாளில் வேறு தொல்லை. தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும், இரண்டு நிமிடத்தில் கீசர் தானாக அணைந்துவிடும். மறுபடி அவரையே கூப்பிட்டேன். (ஆமாம், அவரையேதான்.) "சென்சார் ஓவரா வேலை செய்யுது, அட்ஜஸ்ட் பண்றேன்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு கீசர் அணையவில்லை. நிஜமாகவே அணையவில்லை. ஒரு நாள் குளித்துவிட்டுக் குழாயை மூடினேன், நெருப்பின் இரைச்சல் நிற்கவில்லை. பார்வைத் துளை வழியாகப் பார்த்தால் நீல ஜுவாலை அப்படியே நிற்கிறது. துண்டோடு ஓடிப் போய் ரெகுலேட்டரை மூடினேன்.

இந்த முறை ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்கே பேசினேன். வந்தவர் வயதானவர், அதிகம் பேசாதவர். முதலில் தண்ணீர்க் குழாயின் நட்டைக் கழற்றி, கீசருக்குள் தண்ணீர் நுழையும் வாயைக் காட்டினார். அங்கே காசு அளவுக்கு ஒரு வடிகட்டி வலை இருக்க வேண்டுமாம். இல்லை. முன்னால் வந்தவர் அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். அன்றைக்குக் கீசர் பற்றிக்கொண்ட ரகசியமே அதுதான். மண்ணும் உப்பும் அடைத்த வலையைக் கழுவிப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பிறகு அவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். குழாயைத் திறந்ததும் கீசருக்குள் ஓடும் தண்ணீர் டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வைத் தள்ளும். அது ஒரு ஊசியைத் தள்ள, ஊசி ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும். அப்புறம்தான் பேட்டரியின் 3 வோல்ட் வேலைக்கு வரும்: ஸ்பார்க் அடிக்கும், கேஸ் வால்வு திறக்கும். தண்ணீர் வேகம் போதாவிட்டால் சுவிட்சே அழுந்தாது, போர்டு எவ்வளவு புதிதாக இருந்தாலும் சத்தம் வராது. எனக்கு நடந்தது இதுதான்.

வலை போனதால் மண் நேராக உள்ளே போய் ஷவரின் துளைகளை அடைத்திருக்கிறது. தண்ணீர் மெதுவாக ஓடியதால் கொதித்திருக்கிறது, அதனால்தான் அதிகச் சூட்டுக்குத் துண்டிக்கும் சென்சார் தன் கடமையைச் செய்து அணைத்திருக்கிறது. நம்மவர் "அட்ஜஸ்ட்" செய்தது என்ன தெரியுமா? அந்த சென்சாரின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி ஒன்றாக்கி, கறுப்பு டேப் சுற்றி மறைத்திருந்தார். கடைசியில் மண் துகள் ஊசியையும் சுவிட்சை அழுத்தியபடியே மாட்டிக்கொள்ள வைத்தபோது, நெருப்பை நிறுத்த ஒன்றுமே மிச்சமில்லை. அந்த டேப்பைப் பிரித்துக் காட்டியபோது என் கை நடுங்கியது.

போர்டு? முதலில் வந்தவர் வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தையே திறந்து உள்ளே இருந்ததோடு வைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரின் வலது மூலை கிழிந்திருப்பதும் சரி, அதன் கீழே பழுப்புக் கறை இருப்பதும் சரி, அச்சு அசல் அதேதான். மாற்றவே இல்லை. உள்ளே இருந்ததையும் படம் எடுத்து, இரண்டு படங்களையும் அந்த முதல் ஆளுக்கே அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் பார்த்தால் என்னை பிளாக் செய்திருந்தார்.

உங்கள் வீட்டில் பற்றவில்லை என்றால் முதலில் காதைக் கொடுங்கள். டிக் டிக் சத்தமே இல்லையென்றால் தண்ணீர் வேகம், வலை, பேட்டரி, பேட்டரி பெட்டியின் தகட்டில் பச்சைக் களிம்பு, இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். சத்தம் வந்தும் பற்றாவிட்டால் கேஸ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் மாற்றிய பிறகு குழாயில் காற்று இருந்தால்கூட முதல் சில தடவை பற்றாது. பேட்டரி பாதி இறங்கியிருந்தால் ஸ்பார்க் அடிக்கும், வால்வு திறக்காது. பற்றிய சில நொடியில் அணைந்தால் ஜுவாலையை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் ஒருவர் போர்டைக் கை காட்டினால் மூடியைத் திரும்ப மாட்டச் சொல்லிவிடுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் பழைய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும், புதியதன் நம்பர் பில்லில் இருக்க வேண்டும். கேஸ் நாற்றம் அடித்தால் மட்டும் எதையும் சோதிக்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

பெரியவர் கிளம்பும்போது பையிலிருந்து புது வலை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, குளியலறை ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். குளிருக்காக நான் அட்டை வைத்து அடைத்திருந்தேன். எதுவும் சொல்லாமல் அட்டையைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். "கீசர் விடுற புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது தம்பி" என்றார்.