படகுப் பெட்டியை ஐஸ் பெட்டியாக்கிய பட்டறை

காவேரிப்பாக்கம் ஏரியில் நானும் மச்சானும் வலை விடுகிறோம். படகு, பழவேற்காட்டுப் பக்கம் பழையதாக வாங்கிய ஃபைபர் படகு. உட்காரும் பலகைக்குக் கீழே கயிறு, டார்ச் போட்டுவைக்க இரண்டு பெட்டி உண்டு. அதில் ஒன்றை, ராணிப்பேட்டையில் ஃபைபர் தொட்டி செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்து ஐஸ் பெட்டியாக மாற்றினோம். கூலியும் பொருளும் சேர்த்து 11,000 ரூபாய். ஒரு சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நானே செய்யப் போய்ப் பட்ட அசிங்கம். தெர்மாகோலை வெட்டி ஒட்டி, மேலே ஃபைபர் வேலைக்குப் பூசும் ரெசின் என்கிற பிசினைப் பூசிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தெர்மாகோல் கரைந்து களி மாதிரிக் கிடக்கிறது! பட்டறைக்காரர் கேட்டுச் சிரித்தார். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடுமாம்.

அவர் செய்தது வேறு. பெட்டிக்குள் சின்னதாக இன்னொரு ஃபைபர் பெட்டியை இறக்கி, சுற்றிலும் அடியிலும் 2 அங்குலம் இடைவெளி விட்டார். இரண்டு திரவத்தைக் கலந்த கையோடு அதில் ஊற்ற, பால் பொங்குவது போல பஃப் என்கிற, சூட்டை உள்ளே விடாத நுரை பொங்கி வந்து கல்லாக இறுகியது. ஒரேயடியாக ஊற்றினால் உள்பெட்டி நெளிந்துவிடும் என்று உள்ளே முட்டுக் கொடுத்து, மூன்று தடவையாக ஊற்றினார். இந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இடம் போவதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 36க்கு 18, ஆழம் 15 அங்குலம். சுமார் 160 லிட்டர் பிடித்த பெட்டி இப்போது 95 லிட்டர்தான். மீனும் ஐஸும் சரிபாதி போட்டால் 30 கிலோ மீன். கயிறு வைக்க இடமில்லை என்று மச்சான் இன்னும் முனகுகிறான்.

கோபம் வந்தது மூடியில். சுற்றிலும் பஃப் நிரப்பியவர், மூடிக்கு வெறும் ஃபைபர் தகடு போட்டு, அதற்குக் கருநீலப் பூச்சும் அடித்திருந்தார். ஏரி நடுவில் பத்து மணிக்கு அதில் கை வைக்க முடியவில்லை, ஐஸ் மேலிருந்தே உருகுகிறது. திரும்பக் கொண்டுபோய் சண்டை போட்டு, மூடிக்கும் பஃப் வைத்து, விளிம்பில் இடுக்கு அடைக்க ரப்பர் பீடிங் ஓட்டி, வெள்ளை அடித்து வாங்கினேன். உருகிய தண்ணீர் வடியப் போட்ட ஓட்டையிலும் பஃப் வெளியே தெரிந்தது. அது ஈரம் குடித்தால் குளிர் தாங்காது. ஒரு துண்டு பிவிசி குழாய் செருகி விளிம்பை ரெசினால் அடைக்கச் சொன்னேன், பேசாமல் செய்து கொடுத்தார்.

அப்புறம் நிம்மதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் தடைக்காலம். வேலூர் மார்க்கெட்டில் ஏரி மீனுக்கு மவுசு கூடும் நேரம். விடியலில் வலை தூக்கிப் போட்ட கட்லாவை பதினொரு மணிக்கு அங்கே இறக்கினால், வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், சிவப்பாகவே இருக்கிறது. முன்பு அதே நேரத்துக்கு வயிறு தொளதொளத்துப் போயிருக்கும். அடிமாட்டு விலை சொல்வார்கள்.

ஆடியில் அடுத்த பெட்டியையும் அவரிடமே கொடுக்கிறேன். மூடி வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன்.