பீட்டர் லூகரில் அப்பாவின் எழுபதாம் பிறந்தநாள்

நியூயார்க்கின் புரூக்ளினில், வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் அருகே 1887 முதல் இருந்துவரும் பீட்டர் லூகர் என்ற ஸ்டேக் (கடுஞ்சூட்டில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டு) உணவகத்தில் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடினோம். பெற்றோர் இருவரும் எங்களோடு தங்குவதற்காக நாகர்கோவிலிலிருந்து நியூஜெர்சிக்கு வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மாட்டிறைச்சி புதிதன்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திரும்பியதும், மிளகும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து நீர் முழுதும் வற்றும்வரை அம்மா வறுத்தெடுக்கும் கறியை உண்டு வளர்ந்தவள் நான். அந்தக் கறியையே வாழ்நாளெல்லாம் சுவைத்த அப்பாவுக்கு, நடுவில் சிவப்பு மாறாத இறைச்சி பிடிக்குமா என்ற கவலை மட்டும் இருந்தது.

கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் கணவரின் பதவி உயர்வுக்காக முன்பொருமுறை மன்ஹாட்டனில் வேறோர் ஆடம்பர உணவகத்துக்குச் சென்றிருந்தோம். வெள்ளை விரிப்பும் மெழுகுவர்த்தியும் குறைவின்றி இருந்தன. ஆனால் இறைச்சி ஆறிப்போய் வந்தது, வெட்டினால் சாறு இல்லை. விசேஷ நாளில் பெருந்தொகை கொடுத்து உண்ணச் செல்பவர்கள் முதலில் இறைச்சியைத்தான் விசாரிக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

அலங்காரம் தேடுபவர்களுக்கு பீட்டர் லூகர் ஏமாற்றம் தரலாம். மேசைகளில் விரிப்புக் கிடையாது. தேய்ந்த மரமும் பித்தளை விளக்குகளும் பழைய ஜெர்மானிய மதுக்கூடத்தை நினைவூட்டுகின்றன. பில்லியர்ட்ஸ் மேசைகளோடும் பௌலிங் தளத்தோடும் ஒரு சிற்றுண்டிச் சாலையாகத்தான் இது தொடங்கியது. 1950இல் ஏலத்துக்கு வந்தபோது, எதிரே உலோகப் பொருள் தொழிற்சாலை நடத்திவந்தவரும் இங்கே வாடிக்கையாக உண்டவருமான சால் ஃபோர்மன் இதை வாங்கினார். அவருடைய மனைவி மார்ஷா, ஓய்வு பெற்ற இறைச்சித் தரமதிப்பீட்டாளர் ஒருவரிடம் தொழில் கற்றுக்கொண்டு, இறைச்சிச் சந்தைக்குத் தாமே போய்த் தேர்ந்தெடுத்தார் என்ற செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, அவர் அந்த அம்மையாரைத் தெரிந்தவர்போலத் தலையசைத்தார்.

இங்கே வாங்குவது அமெரிக்க வேளாண் துறை 'பிரைம்' என்று முத்திரையிடும் உயர்ந்த தரம். தசைக்குள் கொழுப்பு எவ்வளவு நுண்மையாக ஓடியிருக்கிறது என்பது அந்தத் தரத்தை முடிவு செய்வதில் முக்கியமானது. வாங்கிய இறைச்சியைக் கட்டடத்திலேயே உள்ள குளிரறையில், காற்றோட்டத்தில், உறையிடாமல் வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். நீர் மெல்ல வற்றுவதால் சுவை செறிகிறது. இறைச்சியிலேயே இருக்கும் நொதிகள் நார்களைத் தளர்த்துவதால் அது மிருதுவாகிறது. காய்ந்து கறுத்த மேல்தோலைச் செதுக்கி எறிந்துவிடுவதால் எடை குறைகிறது. விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் நால்வர், மூவருக்கான போர்ட்டர்ஹவுஸ் என்ற எலும்போடு கூடிய இறைச்சி வெட்டை, நடுவில் சிவப்பு மாறாத மீடியம் ரேர் பதத்தில் கேட்டோம். அது தாராளமாகப் போதும். 'டி' வடிவ எலும்பின் ஒருபுறம் மிக மென்மையான டெண்டர்லாயினும், மறுபுறம் சற்று இறுக்கமான, சுவை மிகுந்த ஸ்ட்ரிப்பும் இருப்பதே இந்த வெட்டின் சிறப்பு. மேலிருந்து அடிக்கும் கடுஞ்சூட்டில் வெந்து, எலும்பிலிருந்து அறுத்துத் துண்டு போடப்பட்டு, வெண்ணெய் கொதிக்கும் தட்டில் அது வந்தது. பரிசாரகர் கவிழ்த்து வைத்த சிறு தட்டின்மேல் அந்தப் பெருந்தட்டின் ஒரு முனையைச் சாய்த்து, கீழே திரண்ட சாற்றைக் கரண்டியால் அள்ளி ஒவ்வொரு துண்டின்மீதும் ஊற்றினார்.

அப்பா முதல் துண்டை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "உள்ள வேகலியே மக்ளே" என்றார். "வெந்தது தான்ப்பா, ஒரு துண்டு மட்டும் சாப்பிட்டுப் பாருங்க" என்றேன். சிவந்திருந்தது குருதியன்று, தசையின் நிறமிச் சாறு என்பதையும் சொன்னேன். அவர் மென்றார், நெடுநேரம் பேசவில்லை, பிறகு ஸ்ட்ரிப் பக்கத்திலிருந்து இரண்டு துண்டுகளைத் தாமே எடுத்துக்கொண்டார். எனக்கும் அந்தப் பக்கம்தான் மேலானதாகப் பட்டது: வெளியே கருகிய மொறுமொறுப்பும் உப்பும், உள்ளே முந்திரியை நினைவூட்டும் மணமும் டெண்டர்லாயினில் இவ்வளவு ஆழமாக இல்லை. மிளகு இல்லாமல் இறைச்சி இப்படிச் சுவைக்கும் என்று தாம் நினைத்ததில்லை என்று அம்மா சொன்னதை மறக்கமாட்டேன்.

துணை உணவுகளில் தடித்த பன்றி இறைச்சித் துண்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். பாலேடு சேர்த்த கீரை பரவாயில்லை. உருளைக்கிழங்கு வறுவல் நன்று. குப்பியில் வைக்கும் இனிப்புக் காரச் சாற்றைத் தக்காளி, வெங்காய வில்லைகளோடு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கு அது வேண்டியதில்லை.

2019இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் இந்த உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. 2022இல், உணவகங்களை மதிப்பிடும் மிஷலின் வழிகாட்டி தந்திருந்த நட்சத்திரமும் போயிற்று. இவற்றை அறிந்தேதான் நான் முன்பதிவு செய்தேன். எங்கள் மேசைக்கு வந்த இறைச்சியை வைத்துச் சொல்வதானால், இந்த ஊரில் மற்றோர் எழுபதாம் பிறந்தநாளுக்கும் இங்கேயே அழைத்துச் செல்வேன். வார இறுதிக்குப் பல வாரங்கள் முன்பே இடம் பிடித்துவிடுங்கள். வழக்கமான கடன் அட்டைகளை ஏற்காத பழக்கம் இந்த உணவகத்துக்கு நெடுங்காலமாக உண்டு. ஆகவே ரொக்கமோ வங்கியின் டெபிட் அட்டையோ கையில் இருக்கட்டும்.

ரசீதோடு பொன்னிறத் தாள் சுற்றிய சாக்லெட் நாணயங்கள் வந்தன. அப்பா இரண்டைப் பேத்திக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எலும்பைக் கேட்டு வாங்கி வந்தோம். மறுநாள் அம்மா மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு அதில் சூப் வைத்தார்.