டாம்பஸ்டர்ஸ் கையெழுத்து பிரிண்ட் வாங்கப் போறவங்க கவனத்துக்கு

போர்விமான ஓவியம் சேர்க்கிறவங்க எல்லாருக்கும் இதைச் சொல்லியே ஆகணும். டாம்பஸ்டர்ஸ் ரெய்டு (ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனி அணைகளை உடைக்கப் போன தாக்குதல்) பத்தின லிமிடெட் எடிஷன் பிரிண்ட் (நம்பர் போட்டு இத்தனை பிரதிதான்னு அடிக்கிறது), கீழ மார்ஜின்ல அந்த ரெய்டுல போன லெஸ் மன்ரோ, ஜானி ஜான்சன் ரெண்டு பேரோட பென்சில் கையெழுத்து, கூடவே சர்டிஃபிகேட்னு போட்டு ஒருத்தர் ஆன்லைன்ல வித்துட்டு இருந்தார், 28,000 ரூபா குடுத்து வாங்கினேன். வந்தது கையெழுத்து இல்லைங்க, கையெழுத்தோட கலர் காப்பி.

ஜன்னல் வெளிச்சத்துல பேப்பரைச் சாய்ச்சுப் பாத்தா பென்சில் எழுத்து லேசா மினுங்கும், அழுத்தி எழுதின பள்ளமும் கொஞ்சம் தெரியும். இதுல ரெண்டுமே இல்ல. சரின்னு லென்ஸ் வச்சுப் பாத்தேன், மன்ரோ பேரு முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள்னு பொடிப்பொடி புள்ளி, ஓவியரோட கையெழுத்து, எடிஷன் நம்பர் எல்லாம் அதே புள்ளிதான். யார்கிட்டயோ இருக்கிற ஒரிஜினல் பிரிண்டை ஸ்கேன் பண்ணி, நல்ல தடிமனான பேப்பர்ல அப்படியே அடிச்சிருக்காங்க. விளம்பரத்துல இருந்த போட்டோ அந்த ஒரிஜினலோடது.

அதைவிட அந்த சர்டிஃபிகேட்தான் எனக்கு ஆத்திரம். "மோனே அணையை உடைத்த வீரர்கள் கையெழுத்திட்டது"ன்னு போட்டிருக்கு. 1943 மே 16 ராத்திரி 617ஆவது ஸ்குவாட்ரன்ல இருந்து 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் கிளம்பிச்சு, 133 பேர். மன்ரோ ஓட்டின விமானம் டச்சுக் கடற்கரை தாண்டுறப்பவே ஃப்ளாக் (தரையில இருந்து சுடுற விமான எதிர்ப்புக் குண்டு) அடிபட்டு இன்டர்காம், ரேடியோ ரெண்டும் போச்சு, க்ரூவோட பேசவே முடியாம குண்டோட இங்கிலாந்துல இருந்த அவங்க தளமான ஸ்காம்ப்டனுக்கே திரும்பினார். ஜான்சன், ஜோ மெக்கார்த்தி ஓட்டின விமானத்துல பாம் எய்மர் (குறி பாத்து குண்டை விடுறவர்), அவங்க போனது சோர்பே அணைக்கு. அது மண் அணை, மோனே மாதிரி குண்டைச் சுழல விட்டு தண்ணி மேல எகிற வைக்கிற வேலை அங்க இல்ல, அணையோட நீளத்துக்கே தாழப் பறந்து நடுவுல போடணும். ஒன்பது தடவை சரியா அமையலன்னு விட்டுட்டு பத்தாவது தடவைதான் ஜான்சன் குண்டை விட்டார், ஆனாலும் அணை உடையல. திரும்பி வர்றப்போ உடைஞ்சு கிடந்த மோனேவை மேல இருந்து பாத்தாங்க, அவ்ளோதான். மோனேவை உடைச்ச குண்டைப் போட்ட யங், மால்ட்பி ரெண்டு பேருமே 1943லயே செத்துட்டாங்க, யங் அன்னைக்கு ராத்திரி திரும்புற வழியிலேயே. அன்னைக்கு மட்டும் 53 பேர் போயிட்டாங்க. யாரு எங்க போனாங்க, யாரு திரும்பலன்னு ஒரு வரி கூட படிக்காதவங்க இவங்க பேர்ல சர்டிஃபிகேட் அடிச்சு விக்கிறாங்க.

இந்தக் கையெழுத்துகளுக்கு விலை வந்ததே அந்த மனுஷங்களாலதான். மன்ரோ 2015ல லண்டன்ல இருக்கிற பாம்பர் கமாண்ட் (பிரிட்டிஷ் விமானப்படையோட குண்டுவீச்சுப் பிரிவு) நினைவுச்சின்னத்தோட பராமரிப்புக்குப் பணம் சேர்க்கணும்னு தன் மெடல்களையே ஏலத்துக்குக் குடுக்க முன்வந்தவர். அதே வருஷம் ஆகஸ்ட்ல காலமானார். ஜான்சன் 2022 டிசம்பர்ல, 101 வயசுல. அந்த ரெய்டுல போனவங்கள்ல கடைசி ஆள் அவர்தான், இனிமே யாரும் புதுசா கையெழுத்துப் போடப் போறதில்ல, அதனாலதான் விலையும் ஏறுது, போலியும் பெருகுது.

விக்கிறவர்கிட்ட லென்ஸ் வழியா எடுத்த போட்டோ அனுப்பிக் கேட்டா, முதல்ல பிரேம்ல இருந்து கழட்டிட்டீங்க ரிட்டர்ன் கிடையாதுன்னார், அது பிரேமே இல்லாம ட்யூப்ல சுருட்டி வந்தது! அப்புறம் பதிலுக்கு, ரெய்டுக்குத் தலைமை தாங்கின கை கிப்சன் (Guy Gibson) மார்ஜின்ல கையெழுத்துப் போட்ட வேற ஒரு பிரிண்ட் தர்றேன்னார். கிப்சன் 1944 செப்டம்பர்லயே மாஸ்கிட்டோ விமானம் விழுந்து நெதர்லாந்துல இறந்துட்டார், அந்தப் படம் வரைஞ்சது 1980கள்ல. பழைய கடிதத்துல இருந்தோ வேற காகிதத்துல இருந்தோ வெட்டின கையெழுத்தை படத்துக்குக் கீழ மவுண்ட் அட்டைல தனியா வச்சு விக்கிறது உண்டு, அதை அப்படியே சொல்லி வித்தா தப்பில்ல. படத்தோட மார்ஜின்லயே கிப்சன் கையெழுத்துன்னா அது பச்சைப் பொய்.

கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டு பணம் திரும்ப வந்துச்சு, ஷிப்பிங்கும் கஸ்டம்ஸ்ல கட்டினதும் வரல. அந்த விளம்பரம் இன்னும் அப்படியேதான் இருக்கு, அதே போட்டோ, அதே எடிஷன் நம்பர். மன்ரோ, ஜான்சன் சேர்ந்த பிரிண்ட் எங்க பாத்தாலும் காசு அனுப்புறதுக்கு முன்னாடி கையெழுத்து மேல சைடுல இருந்து டார்ச் அடிச்சு க்ளோஸப்பா ஒரு வீடியோ கேளுங்க. என்கிட்ட வந்த காப்பியோட லென்ஸ் போட்டோ இருக்கு, ஒப்பிட்டுப் பாக்க வேணும்னா கேளுங்க, அனுப்புறேன்.