சர்வர் செத்தாலும் பச்சை காட்டும் கண்காணிப்பு மென்பொருள்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

சர்வர் ஓடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லும் என்று ஒரு நிறுவனம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மென்பொருளை விற்றது. ஆண்டுச் சந்தா முழுவதும் முன்பணம். பில்லிங் சர்வரின் பவர் கேபிள் கழன்று கிடந்தபோதும் திரையில் பச்சைதான். கேட்டால், "உங்க நெட்வொர்க்லதான் சார் பிரச்சினை." ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால், ஒரு கணினி பதில் தருகிறதா என்று கேட்கும் விண்டோஸின் பிங் கட்டளையை ஓட்டி, 'வெற்றி' என்று பொருள்படும் எக்ஸிட் கோடு 0 வந்தால் பச்சை. மொத்தச் சரக்கே அவ்வளவுதான்.

ஐபிவி4 முகவரி முறையில், ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே உள் நெட்வொர்க் பகுதியில், உள்ள கணினி அணைந்திருந்தால் 'இந்த ஐபி யாருடையது?' என்னும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் வராது. உடனே பிங் அனுப்பிய கணினியே, தன் சொந்த ஐபியைப் போட்டு 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று எழுதும். விண்டோஸ் அதையும் வந்த பதிலாகச் சேர்த்துக்கொண்டு 0 கொடுத்துவிடும்; கீழே 'லாஸ்ட் = 0' என்றும் காட்டும். பிங்தான் வேண்டுமென்றால் வெளியீட்டில், உண்மையான பதிலில் மட்டும் வரும் 'டிடிஎல்=' இருக்கிறதா என்று தேட வேண்டும்.

புகார் செய்த பிறகு ஜாவா மொழியின் 'இஸ்ரீச்சபிள்' மெத்தடுக்கு மாற்றி லினக்ஸில் ஓடவிட்டார்கள். இப்போது நல்ல சர்வர் சிவப்பானது. பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி செய்தியை அனுப்ப அனுமதி இல்லாவிட்டால் அது டிசிபி 7-ஆம் போர்ட்டை (போர்ட் என்பது கணினியில் சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல்) தட்டிப் பார்க்கும். மறுப்பு வந்தால் 'இருக்கிறது'. ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கினால் 'இல்லை'. ஃபயர்வாலில் 7-ஐ இன்று யார் திறந்து வைக்கிறார்கள்?

சேவை கேட்கும் போர்ட்டிலேயே இணைக்க வேண்டும்: இணையதளத்துக்கு 443, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 5432. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்னும் டைம்அவுட்டை 3 விநாடி என்று நீங்களே வையுங்கள். விட்டுவிட்டால் லினக்ஸ் மறுபடி மறுபடி முயன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் தொங்கும். உடனே மறுப்பு வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் சேவைதான் விழுந்திருக்கும். டைம்அவுட் என்றால் ஃபயர்வாலோ, கணினியோ, வழியோ. இரண்டையும் ஒரே சிவப்பில் அடைக்கும் மென்பொருள் நள்ளிரவில் உதவாது.

இணைப்பு கிடைத்தாலும் போதாது. நிரல் உறைந்து நின்றாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல், இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கைத் தானாகவே முடித்துவிடும். அதனால் இணைந்த பிறகு தரவுத்தளத்துக்கு 'செலக்ட் 1' என்ற சிறு கேள்வியை அனுப்பியோ, ஒரு பக்கத்தைக் கேட்டோ பதிலைப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்குமுன் விற்பவர் எதிரிலேயே சோதனைச் சர்வர் ஒன்றின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். மாட்டிவிட்டு, சேவையை மட்டும் நிறுத்துங்கள். பிறகு அதை ஓடவிட்டு 'கில் -ஸ்டாப்' கட்டளை கொடுத்து உறைய வையுங்கள். மூன்றுக்கும் சிவப்பு வர வேண்டும். உறைந்ததை 'கில் -கான்ட்' கொடுத்து எழுப்பி, ஃபயர்வாலில் ஐசிஎம்பியை மட்டும் தடுங்கள். பச்சை மாறக் கூடாது. நான்காவதில்தான் பலரும் மாட்டுவார்கள். அதுவரை பாதிப் பணத்தையாவது பிடித்து வையுங்கள்.