கலிபர் சர்வரை 8080இலிருந்து நகர்த்திய பிறகு

கலிபர் மின்னூல் மென்பொருளுக்குள்ளேயே ஒரு சின்ன வெப் சர்வர் இருக்கிறது, பல பேர் அதை ஆன் செய்தே பார்ப்பதில்லை. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அது சில வருடங்களாக ஓடுகிறது. மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்னூல் தொகுப்பிலிருந்து இறக்கிய நூல்கள் எல்லாம் ஹாலில் இருக்கும் கணினியில். மாமியார் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார், மகள் கைப்பேசியில்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதே கணினியில் வேலைக்காக டாம்கேட் என்ற இன்னொரு வெப் சர்வரைப் போடும்வரை. கலிபருக்கும் டாம்கேட்டுக்கும் இயல்பான போர்ட், அதாவது கணினிக்குள் ஒரு நிரலை அடையும் வாசல் எண், 8080தான். மென்பொருள் உருவாக்குவோர் பயன்படுத்தும் ஜென்கின்ஸும் அதையேதான் கேட்கும். உணவங்காடியில் டிஷ்யூ வைத்து மேசை பிடிப்பதுபோல் முதலில் எழுந்த நிரலுக்குத்தான் இடம். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளை எந்த போர்ட்டை எந்த புராசஸ் பிடித்திருக்கிறது என்று காட்டிவிடும்.

மாற்றுவது சுலபம். பிரிஃபரன்சஸில் ‘ஷேரிங் ஓவர் த நெட்’ பகுதிக்குப் போய் எண்ணை மாற்றி, சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் முடிந்தது. எந்த எண் என்பதில்தான் யோசிக்க வேண்டும். 1024க்குக் கீழே லினக்ஸில் சாதாரணப் பயனருக்குக் கிடைக்காது. 49152க்கு மேலே விண்டோஸ் தன் தற்காலிக இணைப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும். 6000, 6665 முதல் 6669 வரை கொடுத்தால் சர்வர் ஓடும், ஆனால் குரோமும் ஃபயர்பாக்ஸும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டா. 9090ஐயும் விட்டுவிடுங்கள், கலிபர் கருவிகளை வயர்லெஸ்ஸில் இணைக்க அதைத்தான் பயன்படுத்துகிறது. நான் 8585 வைத்தேன், இன்றுவரை எதனோடும் மோதவில்லை.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். பழைய எண் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும்: மாமியாரின் டேப்லெட்டில் முகப்புத் திரைக் குறுக்குவழி, மகளின் கேஓரீடர் என்ற படிப்புச் செயலியில் ஓபிடிஎஸ் (நூல் பட்டியல்) முகவரி, உலாவியின் புக்மார்க். ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டும். ஃபயர்வாலில் நிரலுக்கு அனுமதி கொடுத்திருந்தால் தொட வேண்டாம், போர்ட்டுக்குக் கொடுத்திருந்தால் அங்கேயும் மாற்றணும். கையோடு ரௌட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் போர்ட் சரியாக இருந்தும் ஒருநாள் முகவரி மாறி, “தம்பி, புத்தகம் வரமாட்டேங்குது” என்று குரல் வரும்.

இவ்வளவு நாள் பயன்படுத்தியதில் எனக்கு முழுத் திருப்தி. வீட்டுக்குள் தமிழ் நூல்களைப் பகிர இதைவிட எளிதான வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் ரௌட்டரில் இந்தப் போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். நாமாகப் போய் இயக்கினால் ஒழிய கலிபர் சர்வர் பாஸ்வேர்டு கேட்காது, வழக்கமில்லாத எண் என்பதும் பாதுகாப்பு ஆகாது, ஏனென்றால் தேடி வரும் நிரல்கள் எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும். எம்ஆர்டி ரயிலில் படிக்க வேண்டியதை நான் வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு கிளம்புகிறேன்.